மஞ்சள் மதிலுக்குள் மத்தியானச் சாப்பாடு

அந்தக் கிழவர் சிவப்பு விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

தெருவில் வாகனம் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு சைக்கிள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெயில் மத்தியானம்போல எறித்தது. சாம்பல் நிறக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்த அவர், எதிரே எரிந்த சின்னச் சிவப்பு மனித உருவத்தையே பார்த்தபடி அசையாமல் நின்றார். நாங்கள் மூவரும் போய் அவருக்குப் பின்னால் நின்றோம்.

"ஏன் போகாமல் நிக்கிறார்?" என்று என் மனைவி ஈஸ்வரி காதுக்குள் கேட்டாள்.

"சிவப்பு அக்கா," என்றான் அந்தோனி. "இங்கை சிவப்பெண்டால் நிக்கோணும்."

"ஆருக்காக? ஒரு ஈ காக்கை இல்லையே."

"ஆருக்காகவும் இல்லை. சிவப்பு, அவ்வளவுதான்."

பச்சை வந்தது. கிழவர் கடந்தார். எங்களைத் திரும்பியும் பார்க்காமல் மூலையில் மறைந்தார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கொப்பன்ஹேகன் நகரத்தில் நாங்கள் பார்த்த முதல் காட்சி அதுதான்.

ஈஸ்வரி தன் பிள்ளைத்தாச்சி வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இண்டைக்கு இன்னும் அசையேல்லை," என்றாள்.

விடியமுன் வெளிக்கிட்டவர்கள்

போன வாரம் கதிரைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருந்தேன். ஆடி மாதம் பிறந்தால் அதைச் சில கிழமைகளுக்கு மூடிவிடுவார்கள். என்னோடு கதிரைக் கால் தேய்த்தவர்கள் எல்லாரும் எங்காவது போவார்கள். "நீ எங்கே போகிறாய்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எங்கும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கொப்பன்ஹேகன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகத்தானே வேண்டும்.

அங்கே எங்களுக்கு இருந்த ஒரே ஆள் அந்தோனி. மன்னார்ப் பையன். அகதி முகாமில் அடுத்த அறையில் இருந்தவன். மொழியைச் சட்டென்று பிடித்துக்கொண்டு ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை எடுத்தான். ஊரிலிருந்து மனைவி பிலோமினாவையும் கூப்பிட்டு, நகருக்கு வெளியே டோஸ்ட்ருப்பில் ஒரு மாடி வீட்டில் இருந்தான். "வாங்கோ அண்ணை, நகரம் முழுக்கக் காட்டுறன்" என்று தொலைபேசியில் சத்தமாகச் சொன்னான்.

பயணம் என்றால் விடியமுன் வெளிக்கிட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். கோயிலுக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் அப்படித்தான். வெயில் ஏறமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்தோனி இரவு வேலை முடித்து வந்த கையோடு எங்களைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் ஏறினான். டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஒருவரும் எழும்புவதில்லை என்பது எங்கள் மூவரில் ஒருவருடைய தலைக்கும் எட்டவில்லை.

இறங்கினால் நகரம் இருந்தது. சனம் இல்லை.

கப்பலின் வயிற்றில்

முதல்நாள், நாங்கள் குடியிருந்த விபோர்க்கிலிருந்து வந்த கதையையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் நடுவிலுள்ள கடலைக் கடக்கப் பாலம் கிடையாது. ரயில் அப்படியே ஒரு கப்பலுக்குள் நுழைந்தது. வெளிச்சம் போய் யன்னலுக்கு வெளியே இரும்புச் சுவர் வந்தது. ரயில் நின்றதும் எல்லாரும் எழுந்து இறங்கிப் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். ஈஸ்வரிக்கு மொழி வராது. ஆம் என்பதற்கு "யா", நன்றிக்கு "தக்", இந்த இரண்டும் மட்டும் சொல்லுவாள்.

கப்பலின் மேல்தட்டில் தேத்தண்ணிக் கடையும் காற்றும் கடலும் இருந்தன என்று பின்னால்தான் அறிந்தோம். அன்று நாங்கள் இருவர் மட்டும் வெறும் பெட்டிக்குள் இருந்தோம். எங்கோ சங்கிலி உரசியது. முழு ரயிலும் மெல்லச் சரிந்து நிமிர்ந்தது. ஈஸ்வரி என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிள்ளை நன்றாக உதைத்தது. "அதுக்கும் பயமாக்கும்," என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு அசைவு குறைந்துவிட்டது. இரவு படுக்கும்போது லேசாக ஒருதரம் புரண்டதாகச் சொன்னாள். விடிந்த பிறகு ஒன்றும் இல்லை.

வெறும் தெரு

அது எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களுக்குக் கலியாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. இரண்டுமுறை தங்கியது, இரண்டும் நிற்கவில்லை. இரண்டாவது ஏழாம் மாதம்வரை வந்தது.

ஊரில் அன்று ஊரடங்கு. காலையில் ஈஸ்வரி "அசையேல்லை" என்றாள். நான் படலையைக் கொஞ்சமாகத் திறந்து தெருவைப் பார்த்தேன். நல்ல வெயில். தார் மின்னியது. நாய்கூட வெளியில் இல்லை. எல்லா வீட்டு யன்னலும் சாத்தியிருந்தது. மறுநாள் ஊரடங்கைத் தளர்த்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. போயும் பயன் இல்லை.

அதன் பிறகு, வெயில் எறிக்கும் வெறும் தெருவைக் கண்டால் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும்.

கொப்பன்ஹேகனில் அன்று தெருத் தெருவாக அதுதான். அந்தோனி எங்களை நீளமான கடைத்தெரு வழியாகக் கூட்டிப்போனான். எல்லாக் கடையும் பூட்டு. கண்ணாடிக்குள் பொம்மைகள் கோட்டுப் போட்டு, கையை நீட்டி நின்றன. ஒரு பொம்மைக்குத் தலை இல்லை. எங்கோ ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் அடித்தது. அடித்த சத்தம் தெருவின் முடிவுவரை போய்த் திரும்பி வந்தது.

"ஊரடங்கோ தம்பி?" என்று ஈஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"ஊரடங்கில்லை அக்கா, வெறி. ராத்திரிக் குடிச்சதுகள் இன்னும் எழும்பேல்லை."

அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். எங்கள் சிரிப்பும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நிறுத்திக்கொண்டோம்.

கடலோரம் கூட்டிப்போய்ப் பாறையில் இருந்த கடற்கன்னிச் சிலையையும் காட்டினான்.

"இவ்வளவு சின்னனோ? இதைப் பாக்கவோ உலகம் முழுக்க வருது?" என்றாள் ஈஸ்வரி.

"மெல்லக் கதையுங்கோ அக்கா. அவவுக்கு மனம் நோகும்."

ஈஸ்வரி சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வயிற்றிலேயே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்கையாவது இருப்பம்," என்றாள். "கால் வீங்கிப்போச்சு."

மஞ்சள் மதில்

"அருமையான பார்க் ஒண்டு இருக்கு," என்றான் அந்தோனி. "நானும் பிலோமினாவும் போறனாங்கள். மரநிழல். அங்கை வைச்சுச் சாப்பிடுவம்."

பஸ் எடுத்துப் போனோம். நீளமான மஞ்சள் மதில். நடுவே இரும்புக் கேற். உள்ளே வானத்தைத் தொடுகிற மரங்கள் இரண்டு வரிசையாக நின்றன. அப்போது நேரமும் ஏறிவிட்டது. ஒரு வழியாகச் சனத்தைக் கண்டோம். தகப்பன் ஒருவர் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். புல்தரையில் துவாயை விரித்துப் பெண்கள் வெயில் காய்ந்தார்கள். அவர்கள் மேலே போட்டிருந்தது மிகக் குறைவு. நான் என் சப்பாத்தைப் பார்த்தபடியே நடந்தேன். அதனால் இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை.

பசுமையான வேலிகளுக்கு நடுவில் ஒரு புல்தரை. அதில் நிலத்தோடு பதிந்த பெரிய தட்டைக் கல் ஒன்று, பாசி பிடித்துக் கிடந்தது. ஈஸ்வரி பக்கத்திலிருந்த நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தாள். நான் அந்தக் கல்லில் சாப்பாட்டை விரித்தேன். பிலோமினா கட்டித் தந்த பாணும் உலர் தேங்காய்ப்பூச் சம்பலும் முட்டைப் பொரியலும். தேங்காய்ப்பூ பழசாகிக் கொஞ்சம் சிக்கு மணத்தது. ஆனாலும் பசி.

"பிள்ளைக்கும் பசியாயிருக்கும்," என்று ஈஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். "சாப்பிட்டால் அசையும்."

சாப்பிட்டாள். அசையவில்லை.

அந்தோனி இரவு முழுக்க வேலை செய்தவன். கடைசி வாய் பாணோடு புல்லில் சரிந்து, தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். நான் கை கழுவத் தண்ணீர் தேடிப் போனேன்.

ஒரு மூலையில் குழாய் இருந்தது. குழாயடியில் ஒரு கம்பியில் பச்சை நிறப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு பூங்காவுக்கு இத்தனை பூவாளி எதற்கு என்று நினைத்தேன். கையைக் கழுவி நிமிர்ந்தபோதுதான் வேலிக்குள் பார்த்தேன்.

சின்னச் சின்னச் சதுரமாக வேலி. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் பூவும், சீவி வாரிய சரளைக் கல்லும், ஒரு நிமிர்ந்த கல்லும். கல்லின் மேல் கல்லிலேயே செய்த ஒரு குருவி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர்களுடைய எழுத்து அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. ஒரு வருடம், ஒரு கோடு, இன்னொரு வருடம். அடுத்த கல்லிலும் ஒரு வருடம், ஒரு கோடு, இன்னொரு வருடம். அடுத்ததிலும் அப்படியே.

ஒரு கல் மிகவும் சின்னது. அதில் இரண்டு வருடமும் ஒன்றாகவே இருந்தன.

என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.

எங்கள் ஆட்கள் சுடலைப் பக்கம் பெண்களை விடுவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அந்தத் தெருவாலேயே போகமாட்டாள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள்கூடக் குளிக்காமல் வாசற்படி ஏறமாட்டார்கள். நாங்கள் ஒரு பிணத்தின் கல்லில் பாணை விரித்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

அவளுக்குச் சொல்லக்கூடாது, மெல்லக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கல்லோடு கதைத்தவர்

ஈஸ்வரிக்கு முன்னால் ஒரு டெனிஷ் அம்மா நின்றார். வெள்ளைத் தலைமுடி, கையில் பூவாளி. ஏதோ கேட்டார். ஈஸ்வரி "யா, யா" என்று சிரித்தாள். அந்த அம்மா வேலிக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைப் பூவைக் கிள்ளி நீட்டினார்.

"தக்," என்று ஈஸ்வரி வாங்கினாள். வாங்கிக் கொண்டையில் செருகினாள். டென்மார்க்குக்கு வந்த பிறகு அவள் தலையில் பூ வைத்தது அன்றுதான்.

ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்த அம்மா வாங்குக்கு அருகே இருந்த சதுரத்துக்குள் முழந்தாளிட்டார். சின்ன வாரியால் சரளையை வாரினார். வாரிக்கொண்டே கதைக்கத் தொடங்கினார். கோபமோ அழுகையோ இல்லை. கடைக்குப் போய் வந்த புதினம் சொல்வது மாதிரி. சொல்லி நிறுத்துவார், தலையைச் சரித்துக் கேட்பார், லேசாகச் சிரிப்பார், பிறகு தொடருவார்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். "அவ ஆரோடை கதைக்கிறா?"

நான் போய்க் கல்லில் கிடந்த மிச்சச் சாப்பாட்டைச் சுருட்டத் தொடங்கினேன்.

அந்த அம்மா திரும்பினார். ஈஸ்வரியின் வயிற்றை விரலால் காட்டினார். மறுபடியும் கல்லைப் பார்த்து ஏதோ சொன்னார்.

ஈஸ்வரி காலால் அந்தோனியைத் தட்டினாள். "தம்பி, எழும்பும். உந்த அம்மா என்ன சொல்லுறா?"

அந்தோனி தொப்பியை எடுக்காமலே கேட்டான். அரைத் தூக்கத்தில் சொன்னான்:

"'பார், உன்னைப் பாக்கச் சின்ன ஆள் ஒண்டு வந்திருக்கு' எண்டு சொல்லுறா."

"ஆருக்குச் சொல்லுறா?"

"தன்ரை பிள்ளைக்கு."

"எங்கை பிள்ளை?"

"கீழை..." என்றவன் அப்போதுதான் முழிப்பு வந்து எழுந்து உட்கார்ந்தான். என் முகத்தையும் ஈஸ்வரியின் முகத்தையும் பார்த்தான். "அக்கா, இது பழைய சவக்காலை அக்கா. ஆனால் பார்க் மாதிரித்தான். இங்கை எல்லாரும்..."

ஈஸ்வரி கத்தவில்லை. கொண்டையிலிருந்து பூவை எடுத்தாள். எறியவும் அவளால் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. குனிந்து, நாங்கள் சாப்பிட்ட தட்டைக் கல்லின் மேல் அதை வைத்தாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, நல்ல காரியம் செய்ததுபோலத் தலையாட்டினார்.

குளிக்காமல் வரமாட்டன்

ரயிலில் அவள் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு கையும் வயிற்றில்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அக்கா," என்றான் அந்தோனி. "இங்கை நல்லாப் பாப்பினம். இப்பவே போவம்."

"குளிக்காமல் நான் ஒரு இடமும் வரமாட்டன்."

"அக்கா, அது கிறிஸ்தவச் சவக்காலை. எங்களை ஒண்டும் செய்யாது."

"உங்களை ஒண்டும் செய்யாது தம்பி."

நான் அவள் பக்கம் சாய்ந்து, "முதலில் பிள்ளையைப் பாப்பமே," என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன். அந்த ஊரடங்கு நாளில் நான் படலையடியிலிருந்து திரும்பியபோது அவள் பார்த்த அதே பார்வை.

"அந்த அம்மா கூப்பிட்டுச் செத்த பிள்ளைக்கு என்ரை பிள்ளையைக் காட்டிப்போட்டா," என்றாள்.

டோஸ்ட்ருப்பில் அவர்களுடைய மாடிப்படியடியில் நின்றுவிட்டாள். "இந்தச் சவக்காலைத் துடக்கோடை ஒரு வீட்டுக்குள்ளை கால் வைக்கமாட்டன்."

பிலோமினா மேலேயிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். புருஷனைப் பார்த்தாள்.

"வயித்துப் பிள்ளைத்தாச்சியைச் சவக்காலைக்கோ கூட்டிக்கொண்டு போனியள்? ஊர் சுத்திக் காட்டுறன் எண்டு சொல்லேக்கையே நினைச்சனான்."

"அது பார்க்கடியப்பா!"

"உங்களையும் ஒருநாள் அந்தப் பார்க்கிலை விட்டிட்டு வாறன், இருங்கோ." பிறகு ஈஸ்வரியின் தோளைப் பிடித்தாள். "அக்கா, வீட்டுக்குள்ளை வரவேண்டாம். கீழை உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கு. தண்ணி இருக்கு, நிலத்திலை ஓடுற வாய்க்காலும் இருக்கு. வாங்கோ."

நிலத்துக்குக் கீழே

அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாருக்கும் பொதுவான அறை அது. நிலத்துக்குக் கீழே, நீளமான ஒடுங்கிய பாதையின் முடிவில். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அதனால் ஒருவரும் இல்லை. பெரிய இயந்திரங்கள் வாயைத் திறந்தபடி சுவரோரம் நின்றன. ஒன்றுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் குழந்தைக் காலுறை கிடந்தது. ஈஸ்வரி அதைப் பார்க்காமல் இருக்க நான் நடுவில் நின்றுகொண்டேன்.

அந்தோனி படியில் காவல் நின்றான். நான் குழாயில் வாளியை நிரப்பினேன். ஈஸ்வரி உடுத்த சேலையோடு வாய்க்காலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். பிலோமினா முதல் வாளியைத் தலையில் ஊற்றினாள்.

ஆடி மாதமென்றாலும் அந்தத் தண்ணீர் பனிக்கட்டி. ஈஸ்வரிக்கு மூச்சு நின்று திரும்பியது.

"முருகா..."

"ஓம் அக்கா, கூப்பிடுங்கோ. நான் மாதாவைக் கூப்பிடுறன். ஆர் முதல் வருகினமோ வரட்டும்."

இரண்டாவது வாளியை ஊற்றியபோது விளக்கு அணைந்தது.

அங்கே விளக்கு தானாக அணையும். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு நின்றுவிடும், மறுபடி சுவரிலிருக்கும் ஆளியைத் தட்ட வேண்டும். எனக்கும் ஈஸ்வரிக்கும் அது தெரியாது. யன்னல் இல்லாத அறை. என் கையும் எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும், யாரோ கீழே மெதுவாகக் கதைப்பதுபோல, சொல்லி நிறுத்தி, மறுபடி சொல்லி.

"இஞ்சேருங்கோ, படியடியிலை நிக்கிறது! லைற்றைப் போடுங்கோ!" என்று பிலோமினா கத்தினாள்.

"ஆளி எங்கையடி?" என்று தூரத்தில் அந்தோனியின் குரல். தட்டுத்தடுமாறும் சத்தம்.

"வேண்டாம்," என்றாள் ஈஸ்வரி.

எல்லாரும் நின்றோம்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ."

இருட்டுக்குள் அவள் கை என்னைத் தேடி வந்தது. ஒரே ஈரம். என் கையைப் பிடித்து இழுத்து, குளிர்ந்துபோன வயிற்றில் அழுத்தினாள். சேலை ஐஸ் மாதிரி ஒட்டியிருந்தது. ஒன்றும் இல்லை. வாய்க்காலில் கடைசித் தண்ணீரும் இறங்கி முடிந்தது.

பிறகு என் உள்ளங்கைக்குக் கீழே, உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல, ஒருதரம்.

நான் மூச்சை விடவில்லை. அவளும் விடவில்லை.

அப்போது கதவு திறந்து விளக்கு எரிந்தது. வாசலில் நின்றது அந்தோனி இல்லை. உடுப்புக் கூடையோடு ஒரு டெனிஷ்காரர், சட்டத்தை மீறி ஞாயிற்றுக்கிழமை தோய்க்க வந்தவர். நிலத்தில் குந்தியிருந்த ஈரச் சேலைக்காரியையும், அவள் வயிற்றில் கைவைத்து முழந்தாளிட்ட என்னையும், வாளியோடு நின்ற பிலோமினாவையும் பார்த்தார். ஏதோ மன்னிப்புக் கேட்டார். விளக்கை அணைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மறுபடியும் இருட்டு.

"பிலோமினா," என்றாள் ஈஸ்வரி. பல்லுக் கிட்டித்தது. ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "இன்னும் ஒரு வாளி ஊத்தும்."